ஏறாத மலைக்கு ஒரு கிரீடம்

போன ஞாயிறு காலை ஒன்பது மணி. ஜவ்வாது மலையில் ஒரு காட்டு ரோடு. ஓரத்தில் ஒரு சைக்கிள் படுத்துக் கிடந்தது. ஓட்டி வந்தவரைக் காணவில்லை.



அந்த சைக்கிளை எனக்குத் தெரியும். ஓட்டி வந்தவரையும் தெரியும். நசீர் பாய். வயது ஐம்பத்தேழு. இரண்டு வருடத்துக்கு முன்பு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அவரை அந்த மலைக்குக் கிளப்பிவிட்ட புண்ணியவானையும் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? மறைத்ததால் வந்த வினைதானே இது...

பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிற எனக்கு ஐம்பத்து நான்கு ஆகிறது. இந்த வயதில் ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு பிடித்தே தீரும். சிலருக்கு ஆன்மிகம். சிலருக்கு மாடித் தோட்டம். எனக்குப் பொறுமை இல்லை என்பதால் ஆன்மிகம் ஒத்துவரவில்லை. தோட்டத்தைச் சித்திரை வெயில் பார்த்துக்கொண்டது. மிச்சம் இருந்தது சைக்கிள்.

அதிலும் சாதாரண சைக்கிள் இல்லை. கிராவல் பைக். ரேஸ் சைக்கிள் மாதிரி ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார் இருக்கும். டயர் மட்டும் பருமனாக, முள்ளு முள்ளாக இருக்கும். தார் ரோட்டிலும் போகும், சரளைக் கல்லிலும் போகும். தார் முடிகிற இடத்துக்கு அப்பால் காடு, மலை என்று போகிறவர்களுக்காகவே செய்தது.

இதை எங்கள் குரோம்பேட்டைப் பக்கத்து அஸ்தினாபுரத்தில் விளக்குவது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் பக்கம் கிராவல் என்றால் பள்ளமான மனையில் வீடு கட்டுவதற்கு முன் லாரி லாரியாக, யூனிட் கணக்கில் வாங்கிக் கொட்டுகிற மண். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எத்தனை யூனிட் பிடிக்கும் சார்?" என்றார். கிண்டலா, நிஜமான சந்தேகமா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

என் மனைவி கிண்டலை ஒளித்துவைக்கிற ஆள் இல்லை. "கல்லும் மண்ணுமா இருக்கற ரோட்டுல ஓட்டறதுக்குன்னு தனியா ஒரு சைக்கிளா? நம்ம தெருவுல பைப்புக்குத் தோண்டிப் போட்டு எட்டு மாசம் ஆச்சு. அதுல பால்காரர் ரெண்டு கேனை வெச்சுண்டு மொபெட் ஓட்டறாரு. அவருக்கு யாருங்க மெடல் குத்தினா?"

பம்ப்பை எடுத்துக்கொண்டு டயருக்குக் காற்றடிக்கப் போனேன்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து சைக்கிள்காரர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நடத்துவது கார்த்திகா என்கிற ஐ.டி. பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாற்பதைத் தாண்டிய எல்லோரையும் 'அங்கிள்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது போய் டீ குடித்துவிட்டு வருவோம். இளைஞர்கள் டீ குடித்து முடித்து, கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கிற நேரத்தில் இரண்டு பேர் போய்ச் சேருவோம். ஒன்று நான். இன்னொன்று நசீர் பாய்.

பாய்க்கு என் வீட்டுக்கு அடுத்த தெரு. திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறார். தகடு வெட்டுவது, வளைப்பது, வெல்டிங் அடிப்பது. ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் அவரிடம், "சமதரையில ஓட்டுங்க. பேசிக்கிட்டே ஓட்டுற வேகத்துல ஓட்டுங்க" என்று சொல்லியிருந்தார். பாய் அதை அப்படியே கடைப்பிடித்தார். அவர் பேசிக்கொண்டே ஓட்டுவார். நான் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். பேச எனக்கு மூச்சு இருக்காது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், நான்கு மாதத்துக்கு முன்பு போளூரில் ஒரு கல்யாணம் வந்தது.

காரின் பின்னால் சைக்கிளைக் கட்டினேன். "கல்யாணத்துக்குப் போறோமா, சர்க்கஸுக்குப் போறோமா?" என்றாள் மனைவி. மறுநாள் காலை எல்லோரும் கட்டுசாதக் கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் ஜவ்வாது மலையைப் பார்த்துக் கிளம்பினேன். வனத்துறை செக்போஸ்ட்டில் பெயர் எழுதி, ஒரு சின்னப் பாலம் வரை ஜோராகவே போய்விட்டேன். பாலத்தோடு தார் முடிகிறது. அதற்கப்புறம் மேலே ஒரு கிராமம் வரைக்கும் காட்டுக்குள் செம்மண் ரோடு. இரண்டு பக்கமும் மூங்கில். வழியெல்லாம் கோலிக்குண்டு அளவில் சரளை.

அழகாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம்.

பிறகு ரோடு திடீரென்று எழுந்து நின்றது. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. நாக்கு தள்ளியது. திரும்பி உருட்டிக்கொண்டு வந்து பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். உலகத்தில் எதற்காக மலைகள் இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ரேஷன் மூட்டை ஏற்றிய ஒரு குட்டி லோடு வண்டி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். பெயர் வேலு.

"என்ன சார், பஞ்சரா?"

"ஆமாம்" என்றேன்.

பஞ்சரானது டயர் இல்லை. அது வேறு விஷயம்.

மூட்டைகள் மேல் சைக்கிளைப் போட்டார். நான் முன்னால் உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, மேலே போய்ச் சேர்ந்தேன். கிராமத்தில் ஒரு டீ. பிறகு இறக்கத்தில் சைக்கிளில் ஜம்மென்று இறங்கி வந்தேன். இறங்குவதில் எனக்கு எப்போதுமே திறமை உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். சட்டையின் முதுகுப் பையில் போன் இருந்தது. போனில் செயலி ஓடிக்கொண்டிருந்தது.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிற செயலி அது. போகிற தூரம், வேகம் எல்லாம் பதிவாகும். மலை ரோடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டை யார் வேகமாக ஏறினார்கள் என்று பட்டியல் போடும். முதலில் வருகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கிரீடம். அந்தச் சின்னப் பாலத்தில் ஆரம்பித்து மேல் கிராமம் வரைக்கும் ஏழு கிலோமீட்டர். அதை ஒரு துண்டாக்கி வைத்திருந்தார்கள். ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்பதில் செயலிக்கும் என் தொடைக்கும் ஒரே கருத்து.

மறுநாள் காலை, காபி டம்ளரோடு போனைத் திறந்தேன். தூக்கிவாரிப் போட்டது.

என் பெயருக்குப் பக்கத்தில் கிரீடம்!

ஏழு கிலோமீட்டர். பத்தொன்பது நிமிடம். எனக்கு அடுத்து இருபத்தொரு நிமிடத்தில் ஒருவர். மூன்றாவது ஆள் இருபத்து நான்கு. நான்காவது ஆள் ஐம்பத்தெட்டு நிமிடம். அடேயப்பா, அந்த இரண்டு பேரும் என்ன பிறவிகளாக இருக்க வேண்டும்? தொடையா, தேக்குமரமா? அப்படிப்பட்ட நிஜமான வீரன் ஒருவன் வியர்வை சிந்திச் சம்பாதித்த கிரீடத்தை, ரேஷன் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் திருடிவிட்டேனே என்று நிஜமாகவே கூசிப்போனேன்.

உடனே அழித்துவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் அதற்குள் கார்த்திகா குழுவில் போட்டுவிட்டாள். "நம்ம அங்கிள்! வேற லெவல்!" கீழே கைதட்டல்கள், நெருப்புகள், தசை முறுக்கிய கைகள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? இருபத்தொன்றில் ஒருவர் ஏறியிருக்கிறார், இருபத்து நான்கில் ஒருவர் ஏறியிருக்கிறார். பத்தொன்பதில் ஒருவர் ஏறக்கூடாதா?

அந்த ஞாயிறு டீக்கடையில் நசீர் பாய் எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்டி சார்? எங்கூடத்தானே உருட்டிகினு வருவீங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அதை விட்டுவிட்டு நான் வானத்தைப் பார்த்து, "ஏதோ... அன்னிக்கு அமைஞ்சுது பாய்" என்றேன்.

பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். திருத்தவில்லை. அவ்வளவுதான். நடுத்தர வயதில் யாரும் பொய் சொல்வதில்லை. மற்றவர்கள் தப்பாக நினைத்துக்கொள்வதைத் திருத்தாமல் விட்டுவிடுகிறோம். அதற்குக் கொஞ்சம் புன்னகை போதும். மெனக்கெடவே வேண்டாம்.

அடுத்த வாரத்திலிருந்து பாய் என்னோடு பின்வரிசையில் வரவில்லை. விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்த கையோடு பல்லாவரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். பத்துத் தடவை, பதினைந்து தடவை என்று கூட்டிக்கொண்டே போகிறாராம். நல்ல உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதியான காரியம்!

போன மாதம் கார்த்திகா அறிவித்தாள். 'அடுத்த டூர், ஜவ்வாது மலை. அங்கிள் ரூட்!'

காபி புரையேறிவிட்டது.

மழை வரும் என்றேன். ரெயின்கோட் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் இருக்கிறதாம் என்று ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டேன். அதுவரை வரமுடியாது என்று சொல்லியிருந்த மூன்று பேர் உடனே பெயர் கொடுத்தார்கள்.

ஆக, போன ஞாயிறு. விடியற்காலையில் வேன். பதினோரு பேர். சின்னப் பாலத்தில் இறங்கி, சைக்கிள்களை இறக்கினோம். நான் உட்கார்ந்திருந்த அதே பாலத்துச் சுவர் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. அப்போதுதான் நசீர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இதப் பாருங்க."

அவருடைய ஹேண்டில்பாரில் உள்ளங்கை அளவுக்கு ஓர் அலுமினியத் தகடு. ஓரமெல்லாம் ராவி வழவழப்பாக்கி, இரண்டு கிளாம்ப் போட்டு முடுக்கியிருந்தார். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அந்த மாதிரி புள்ளி புள்ளியாக எழுத்துகள். மேலே என் பெயர். பெயருக்குப் பின்னால் 'சார்' என்றுகூட வெட்டியிருந்தார். கீழே வரிசையாக எண்கள். ஒன்றாவது கிலோமீட்டர், இத்தனை நிமிடம். இரண்டாவது, இத்தனை. ஏழாவது, பத்தொன்பது.

"ஆப்புல கீறத அப்டியே எறக்கிட்டேன் சார். உங்க டைமு இதான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இதப் பாத்துகினே ஏறப் போறேன்."

"பாய், டாக்டர் சமதரைன்னு..."

"அவர் கெடக்குறாரு சார். நீங்க ஏறிட்டீங்க. என்னவிட மூணு வயசுதான் சின்னவரு. தொப்பை கூட உங்களுக்குத்தான் ஜாஸ்தி. பத்தொம்போது வாணாம், முப்பதுல ஏறிட்டாலும் போதும். என் நெஞ்சு நல்லா கீதுன்னு எனக்கே தெரியணும். அதான்."

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"மாமல்லபுரம் போறேன்னு சொல்லிட்டேன். அது சமதரைதானே?" என்று கண்ணடித்தார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே எதுவோ அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். கார்த்திகா போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "அங்கிள், ஒரு சின்ன வீடியோ. கிங் ஆஃப் தி மவுன்ட்டன்! புதுசா சைக்கிள் ஓட்டறவங்களுக்கு நீங்க என்ன சொல்ல விரும்பறீங்க?"

உங்களால் நம்ப முடியாது. நான் சொன்னேன். விடாமுயற்சி பற்றி நான்கு நிமிடம் பேசினேன்.

திரும்பிப் பார்த்தால் பாய் இல்லை. பாதிப் பேர் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். மூங்கில் வளைவுக்கு அப்பால் ஒரு வெள்ளை ஹெல்மெட் ஏறிக்கொண்டிருந்தது. போன் அடித்தேன். சிக்னல் இல்லை. கார்த்திகா என்னைத் தாண்டிப் போகும்போது, "பாயை நிறுத்தும்மா! நிக்கச் சொல்லு!" என்று கத்தினேன். காதில் பாட்டு. நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பறந்துவிட்டாள்.

இப்போது என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த மலையை நான் ஏறவில்லை என்று ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவரோ மலையில் ஏறிக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்ல நான் அந்த மலையை ஏறியாக வேண்டும்!

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். கியர் எல்லாம் தீர்ந்துபோய், தெரிந்த தெய்வங்களும் தீர்ந்துபோய், பக்கத்து ஊர் தெய்வங்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தேன். சரளையில் இரண்டு தடவை விழுந்தேன். முழங்கையில் தோல் போனது. இதயம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு அடித்தது. இதே அடி, ஸ்டென்ட் வைத்த இதயத்தில் எப்படி இருக்கும்? அந்த நினைப்புத்தான் மிதித்தது. என் கால் இல்லை.

மூன்றாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில்தான் அந்த சைக்கிள் கிடந்தது.

"பாய்!"

பதில் இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் நெற்றி. தோளைத் தொட்டேன். தலை நிமிர்ந்தது. உயிர் வந்தது... யாருக்கு என்று சொல்லத் தெரியவில்லை.

"நெஞ்சு வலிக்குதா பாய்?"

"இல்ல சார்."

"மூச்சு?"

"இப்ப தேவல. மோட்டார் சூடாயிட்டா ஆஃப் பண்ணிடணும் சார். முப்பது வருஷமா பட்டறை வெச்சிகினு கீறேன், அதுகூடத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன். இல்லை. "போட்டோ எடுக்குறேன்னு சொல்லி எல்லாரையும் அனுப்சிட்டேன். நீங்களும் போங்க சார்."

"என்ன ஆச்சு பாய்?"

"மூணாவது கிலோமீட்டரு. உங்க டைமு எட்டு நிமிஷம். நான் முப்பத்திமூணு." "இன்னா சார் அர்த்தம்? டாக்டர் என்னிய சமாதானம் பண்ணிகினு கீறாரு. வூட்ல பொண்டாட்டி மெஹரும் சேந்து மறைக்கிறா. உள்ள ஒண்ணுமில்ல. முடிஞ்சிபோச்சி. பட்டறைய விட்டுட்டு, பேசாம வூட்ல உக்காந்துடலாம்னு யோசிச்சிகினு இருந்தேன்."

அந்த மனிதர் பயந்தது மலைக்கு அல்ல. என் பத்தொன்பது நிமிடத்துக்கு.

"பாய்... நான் ஏறல."

"இன்னா?"

"இந்த மலையை நான் ஏறவே இல்ல. கீழ பாலத்துலேயே உட்கார்ந்துட்டேன். ஒரு லோடு வண்டியில ஏறிப் போனேன். போன் பாக்கெட்ல ஓடிட்டிருந்தது. அந்தப் பத்தொன்பது நிமிஷம் என்னோடது இல்ல. வண்டியோடது."

பாய் என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. மெதுவாக, குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப... என் நெஞ்சு நல்லாத்தான் கீதா?"

இத்தனை வருடம் எழுதுகிறேன். என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டு அடித்ததில்லை.

"நீங்க மேல வந்திருக்கற வேகம்தான் பாய் மனுஷ வேகம். நான் இங்க வரைக்கும் வர நாற்பத்தொரு நிமிஷம் ஆச்சு."

அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அது வந்த வழியிலேயே கோபமும் வந்தது.

"மூணு மாசம் சார்! காலங்காத்தால அந்த மேம்பாலத்துல ஏறி ஏறி எறங்கினேன். பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லிட்டு வந்தேன். நான் இங்க விழுந்து செத்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"பாய்..."

"நான் சொல்றேன் இன்னா பண்ணியிருப்பீங்கன்னு. பத்திரிகைல எழுதியிருப்பீங்க. நல்ல நண்பர், மலையின் மடியில் கண்மூடினார்னு ரெண்டு பக்கம் எழுதியிருப்பீங்க. படிக்கிறவன் எல்லாம் அழுதிருப்பான். அந்த லோடு வண்டியப் பத்தி ஒரு வரி? எழுதியிருக்க மாட்டீங்க!"

ஆடிப்போய்விட்டேன். 'மலையின் மடியில்' — அந்தச் சொல்லைக்கூட நான் போட்டிருப்பேன் என்பதுதான் பயங்கரம்.

"இப்ப எழுதுங்க" என்றார். "எல்லாத்தையும் எழுதுங்க. என் பேர மாத்தாதீங்க. வூட்ல நான் சொல்லிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்து ஓர் இரைச்சல். வளைவில் திரும்பியது, அதே குட்டி லோடு வண்டி. நின்றது. வேலு எட்டிப் பார்த்தார். ஒரே பார்வையில் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, சென்னை சார்! இன்னிக்கும் பஞ்சரா?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு மூங்கிலைப் பார்த்தேன்.

"ஏறுங்க சார்" என்றார் பாய். "ஆனா மொதல்ல ரெண்டு பேரும் போனை ஆஃப் பண்ணுவோம்."

முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வேலு உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். "இந்த சைக்கிள்காரங்க எல்லாருமே அந்தப் பாலத்தாண்டதான் உக்காருவாங்க சார். பார்த்தாலே பாவமா இருக்கும். போன வருசம்கூட ரெண்டு பேரு. ஒருத்தர் பெங்களூரு, சிவப்பா தாடி வெச்சிருப்பாரு. இன்னொருத்தரு கோயமுத்தூரு டாக்டரு. சைக்கிளோட தூக்கிப் போட்டுக்கினு வந்துட்டேன்."

எனக்கு ஏதோ நெருடியது. ஆஃப் செய்த போனை மறுபடி உயிர்ப்பித்து, முன்பே சேமித்து வைத்திருந்த பட்டியலின் படத்தைத் திறந்தேன். கிரீடத்தைப் படம் எடுத்து வைக்காமல் இருப்பேனா? இரண்டாம் இடம், இருபத்தொரு நிமிடம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் புகைப்படம். செக்கச்செவேல் என்று தாடி. மூன்றாம் இடம், இருபத்து நான்கு நிமிடம். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம்.

வேலுவிடம் காட்டினேன். "இவங்கதான் சார்!" என்றார் பூரிப்பாக. "டாக்டரு வந்தன்னிக்கு லோடு ஜாஸ்தி. அதான் கொஞ்சம் லேட்டு."

எங்களுக்குப் பின்னால் ரேஷன் மூட்டைகளும் எங்கள் சைக்கிள்களும் குலுங்கின. முன்னால் நசீர் பாய் குலுங்கினார். சிரிப்பில். அடக்க முடியாமல், வேலுவின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்த மலையின் முதல் மூன்று வீரர்களும் ஒரே ஆள். அவரிடம் செயலி கிடையாது. சைக்கிளும் கிடையாது.

எனக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை. யாரோ லோடு வண்டியில் போய்ப் போட்ட கணக்கைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறோமோ? பக்கத்து வீட்டுக்காரர் மகனின் சம்பளம், உறவினரின் சுற்றுலாப் புகைப்படம், அறுபதிலும் ஓடுகிற சிநேகிதர்... கீழே எத்தனை வண்டிகள் மறைந்திருக்கின்றனவோ? அவர்களும் பாவம், பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். திருத்தாமல் விட்டிருப்பார்கள்.

கிராமம் நெருங்கியது. நான் மெதுவாக, "பாய், இங்கேயே இறங்கிட்டா கடைசி நூறு அடி சைக்கிள்ல போய்ச் சேரலாம்..." என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

டீக்கடை வாசலில் ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண் எதிரில் வண்டி நின்றது. இறங்கினேன். அரிசி மூட்டை மேலிருந்து சைக்கிளை இறக்கினேன். எல்லோரையும் கூப்பிட்டு, அன்று பாலத்துச் சுவரில் உட்கார்ந்ததில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்த்திகாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அங்கிள்... மேல வந்ததும் சிக்னல் கெடச்சுது. வீடியோவை நெட்ல போட்டுட்டேன்."

விடாமுயற்சி பற்றி நான் பேசியதை முந்நூறு பேர் பார்த்துவிட்டிருந்தார்கள்.

அங்கேயே பதிவை அழித்தேன். கிரீடம் உடனே சிவப்புத் தாடிக்காரருக்குப் போய்விட்டது. வைத்துக்கொள்ளட்டும். அவருக்கும் ஒரு நசீர் பாய் இருக்கக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் நான்கு வரியில் எழுதி அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

திங்கட்கிழமை பாயோடு டாக்டரிடம் போனேன். பரிசோதனை எல்லாம் முடிந்தது. இதயம் நன்றாக இருக்கிறது, சமதரை போதும் என்றார் டாக்டர். மேம்பாலம்? ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பேசிக்கொண்டே ஏறுவதானால். மெஹர் பாயை மன்னித்துவிட்டார். என்னிடம் இன்னும் பேசவில்லை. நியாயம்தான்.

புதன்கிழமை மாலை பாய் வீட்டுக்கு வந்தார். கையில் அதே அலுமினியத் தகடு. திருப்பிப் போட்டிருந்தார். மறுபக்கத்துப் பத்தொன்பது நிமிடம், இந்தப் பக்கம் இடவலம் மாறி, மேடு தட்டித் தெரிந்தது. அதற்கு மேலேயே புதிதாகப் புள்ளி வெட்டியிருந்தார். என் பெயர். பெயருக்குப் பின்னால் இருந்த 'சார்' இந்தத் தடவை இல்லை. கீழே ஒரே ஒரு வரி: 3 கி.மீ., 41 நிமிடம்.

அதற்குக் கீழே வெறும் தகடு.

"மிச்சம் நாலு கிலோமீட்டருக்கு எடம் விட்டுகீறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே, என் ஹேண்டில்பாரில் வைத்து ஸ்பானரால் முடுக்கினார். லேசில் கழற்ற முடியாத முடுக்கு.

என் மனைவி வந்து குனிந்து படித்துப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அதிசயம்தான்.

எப்படியோ, ஓர் உலோகத்தில் என் பெயர் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் இருக்கிற அத்தனை எவர்சில்வர் பாத்திரத்திலும் இதுவரை மாமனார் பெயர்தான்.